சிவப்பு மையில் ஐந்து பெயர்கள்

5 ஜனவரி 2024, வெள்ளி

ரயில்காரர்கள் வேலைநிறுத்தம் செய்து வண்டியெல்லாம் இருபது நாள் நின்றதே, பாலைவனத்துக்கு அடியில் அணுகுண்டு வெடித்துப் பார்த்தார்களே, அந்த வருஷம்தான் நான் ஞானசிகாமணி சாரோடு எத்தியோப்பியாவுக்குப் போனேன். போய் இறங்கிப் பத்து நாள்கூட ஆகவில்லை, அந்த நாட்டு ராஜாவை அரண்மனையிலிருந்து இறக்கி, ஆமை மாதிரி ஒரு சின்னக் காரின் பின்சீட்டில் உட்காரவைத்துக் கொண்டுபோனார்கள். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. வருஷத்தை நம்பராகச் சொல்லு என்றால் எனக்கு வராது. இப்படித்தான் வரும்.

என் பெயர் மாசானம். எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் வடிவு எழுதுகிறாள். பேச்சை அப்படியே எழுதினால் நன்றாக இருக்காது என்று புத்தகத் தமிழில் திருத்தி எழுதுகிறாள். பேச்சைத் திருத்து, விஷயத்தைத் திருத்தாதே என்று சொல்லியிருக்கிறேன்.

போன மாதம் வெள்ளம் கொக்கிரகுளத்தில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு வந்து போனது. இன்னும் பீரோவுக்கு அடியில் சேறு. அதைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது சாருடைய மகன் தயாளன் தம்பி வந்தார். சார் எழுதிய புத்தகம் ஒன்றும், ஏதோ வங்கியில் கொடுத்த பழைய டைரி ஒன்றும் கொண்டுவந்தார். புத்தகத்தின் பெயர் 'மேட்டு நிலத்து வகுப்பறை'. அங்கே சார் பாடம் நடத்திய கதைகள். இருபத்தொன்றாம் தேதி பாளையங்கோட்டையில் வெளியீட்டு விழா.

"நீங்கதான் சீஃப் கெஸ்ட் மாதிரி. புஸ்தகத்தைப் படிக்கச் சொல்லிக் கேளுங்க. அப்பா விட்டுட்டது எதாவது ஞாபகம் வந்தா இந்த டைரில எழுதச் சொல்லுங்க. மேடையில ரெண்டு வார்த்தை பேசணும்."

சால்வை உண்டாம்.

6 ஜனவரி, சனி

வடிவு முதல் அத்தியாயம் வாசித்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது.

அந்த ஊர்ப் பெயரைச் சார் எழுதவில்லை, நானும் சொல்லப்போவதில்லை. மேட்டு ஊர். காலையில் மூச்சு விட்டால் புகை வரும். சார் அங்கே ஒன்பதாம் வகுப்பு வாத்தியார். நான் சாருக்கும் அவர் மனைவி லில்லி அம்மாவுக்கும் சமையல். பிறகு பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கும் வேலையும் சேர்ந்துகொண்டது. மணி அடித்துவிட்டு ஒன்பதாம் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே நிற்பேன்.

முதல் வாரம் சார் வீட்டுக்கு வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "புரியுதாடான்னு கேட்டா ஒருத்தனும் ஆமாங்க மாட்டேங்கான். மூஞ்சியைப் பாத்துக்கிட்டு ஹக்குனு மூச்ச இழுக்கானுவ. கேலி பண்ணுதானுவளோ?" என்றார். எனக்குத் தெரிந்துவிட்டது. தண்ணீர் கொண்டுவரும் அம்மாவிடம் நான் எதைக் கேட்டாலும் அப்படித்தான் மூச்சை உள்ளே இழுப்பாள், பிறகு சொன்னபடி செய்வாள். "சார், அதுதான் இவுங்களுக்கு ஆமாம்" என்றேன்.

புத்தகத்தில் சார் அதைத் தானே கவனித்துக் கண்டுபிடித்ததாக இருக்கிறது. ஒரு பக்கத்துக்கு அழகாக எழுதியிருக்கிறார். சமையல்காரன் சொன்னான் என்று எழுதினால் நன்றாகவா இருக்கும்? போகட்டும்.

8 ஜனவரி, திங்கள்

மோட்டார் எரிந்துபோயிருக்கிறது. கம்பி சுற்றிக் காயில் கட்டக் கொடுத்தோம். தெருக் குழாயில் எட்டுக் குடம் எடுத்தேன். வடிவு திட்டினாள்.

இன்றைய அத்தியாயம் விருந்து. மாணவன் தெஸ்ஃபாயேயின் அம்மா எங்களை வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தாள். அவள் விதவை. மூத்தவன் தெஸ்ஃபாயே, அடுத்தவள் ஜெனெபெச். இரண்டு பேரும் ஒரே வகுப்பு. அங்கே மரியாதை என்றால், வீட்டுக்காரர் தன் கையால் ஒரு கவளம் உருட்டி விருந்தாளியின் வாயில் ஊட்டுவார். குர்ஷா என்று பெயர். அந்த அம்மா குழம்பில் புரட்டிய பெரிய கவளத்தைச் சாருடைய வாய்க்கு நேரே நீட்டினாள். சார் வாயைத் திறக்கவில்லை. அடுத்தவர் கையிலிருந்து வாங்கிச் சாப்பிட்டுப் பழக்கமில்லை. அந்த அம்மாவின் கை அந்தரத்தில் நிற்கிறது. பிள்ளைகள் இரண்டும் பார்க்கிறார்கள். நான் குறுக்கே போய் என் வாயைத் திறந்தேன். ஜெனெபெச் விழுந்து விழுந்து சிரித்தாள்.

புத்தகத்தில் வாயைத் திறந்தது சார். 'அந்த ஒரு கவளத்தில் நான் அவர்களில் ஒருவன் ஆனேன்' என்று முடிகிறது.

"நீங்கதான திறந்தீய? அப்புறம் ஏன் மாமா இப்பிடி எழுதியிருக்காவ?" என்றாள் வடிவு.

"வயசாச்சுல்லா. யாரு வாய்னு மறந்திருக்கும்" என்றேன்.

எனக்கும் வயதாகிவிட்டது. எனக்கு மறக்கவில்லை.

9 ஜனவரி, செவ்வாய்

இன்றைக்குக் கேட்டது சார் உண்மையாகவே கண்டுபிடித்த விஷயம். அதைச் சொல்லிவிட வேண்டும்.

அங்கேயும் குடும்பப் பெயர் கிடையாது, நம்மைப் போலவே. பெயருக்குப் பின்னால் அப்பா பெயரைச் சொல்வார்கள். தெஸ்ஃபாயே அலெமு என்றால் அலெமுவின் மகன் தெஸ்ஃபாயே. சாருக்கு மிகவும் சந்தோஷம். "நம்ம இன்ஷியல்தாண்டே இது!" என்று சொல்லி, வருகைப் பதிவேட்டில் எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் நம் ஊர் வழக்கப்படி திருப்பி எழுதினார். அப்பா பெயர் முன்னால், பிள்ளை பெயர் பின்னால். அலெமு தெஸ்ஃபாயே. அலெமு ஜெனெபெச். ஹெட்மாஸ்டர் சொல்லிப் பார்த்தார், சார் மாற்றவில்லை. அந்த நாட்டிலேயே அப்படி எழுதிய பதிவேடு அது ஒன்றுதான் இருந்திருக்கும்.

அந்தப் பதிவேட்டை எனக்கும் நன்றாகத் தெரியும். அட்டை போட்டதே நான்தான். மைதா கிடைக்காமல் அவர்கள் ஊர் மாவில் பசை காய்ச்சினேன். மூலை பிய்ந்துபோகாமல் இருக்க என் பழைய காக்கி டவுசரைக் கிழித்து நான்கு மூலைக்கும் வைத்துத் தைத்தேன். கண்ணைக் கட்டிவிட்டுக் கொடுத்தாலும் என் கை சொல்லிவிடும்.

நாற்பத்திரண்டு பேர். கடைசி வருஷம் தினமும் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டதால் அந்த வரிசை இன்னும் வாயில் நிற்கிறது. பதினொன்று தெஸ்ஃபாயே. பத்தொன்பது ஜெனெபெச். அது மழை பெய்ததைச் சொல்லும் பெயர்.

11 ஜனவரி, வியாழன்

வடிவு இன்று வாசிக்கும்போது இரண்டு தாளைச் சேர்த்துத் திருப்பினாள். எழுத்துத் தெரியாவிட்டால் என்ன, தாள் திரும்பும் சத்தம் தெரியாதா?

"இடையில உள்ளதை வாசி தாயி."

"ஒண்ணுமில்ல மாமா, சும்மா நாட்டு நடப்பு."

"நாட்டு நடப்ப வாசி."

கஞ்சி கொதிக்கிறது என்று எழுந்து போய்விட்டாள். அடுப்பே பற்றவைக்கவில்லை.

12 ஜனவரி, வெள்ளி

வாசித்துவிட்டாள். அழுதுகொண்டே வாசித்தாள். அவள் வாசித்ததை அப்படியே இங்கே எழுதச் சொன்னேன்:

'அன்று நான் காய்ச்சலில் நினைவின்றிக் கிடந்தேன். சிப்பாய்கள் வீட்டுக்கு வந்து வகுப்புப் பதிவேட்டைக் கேட்டிருக்கிறார்கள். எழுத்தறியாத என் சமையல்காரன், அது என்னவென்றே அறியாமல் எடுத்துக் கொடுத்துவிட்டான். ஐந்து மாணவர்களை அப்படித்தான் இழந்தேன். அறியாமை எவ்வளவு கொடியது என்பதை அன்று ஓர் ஆசிரியனாக உணர்ந்தேன். அவனை நான் ஒருநாளும் கடிந்ததில்லை.'

இப்போது நான் சொல்வதை எழுது.

இங்கே திருச்சி வெள்ளத்தில் மூழ்கிய சேதி கடிதத்தில் வந்ததே, அந்த மாதம். ஊரெல்லாம் ராணுவம். பிள்ளைகள் சிலர் பள்ளிக்கூடத்துக்கு வராமல் ஊர்வலம் போய்த் துண்டுச்சீட்டுக் கொடுத்தார்கள். அன்றைக்கு மற்ற வாத்தியார்கள் எல்லோரும் ஒன்று செய்தார்கள். வராத பிள்ளைகளையும் வந்ததாகப் போட்டுவிட்டார்கள். யாரும் யாரிடமும் சொல்லவில்லை. தானாகவே செய்தார்கள். எங்கள் சார் மட்டும் ஐந்து பேருக்குச் சிவப்பு மையில் ஆப்சென்ட் போட்டார். ஹெட்மாஸ்டர் ஓடி வந்தார். "வராதவன வந்தான்னு போட என் கை வராது" என்று சார் சொன்னதை நான் ஜன்னலில் நின்று கேட்டேன். அது தப்பா சரியா என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியவில்லை. வாத்தியார் அப்படித்தான் இருப்பார் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

அதற்கு ஒன்பதாம் நாள், வியாழக்கிழமை, சாருக்குக் காய்ச்சல் இல்லை. அவர்களுக்கு நோன்பு மாதம், கோழியை யாரும் தொடமாட்டார்கள். எங்கள் வீட்டில் மட்டும் கோழிக் குழம்பு, அவித்த முட்டை போட்டு. சார் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். காய்ச்சல்காரனுக்கு நான் கோழிக் குழம்பா வைப்பேன்? சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, மஞ்சள் துண்டில் சுற்றிய ஒரு பொட்டலத்தை என் கையில் கொடுத்தார். "ராணுவ ஆபீசர்ட்ட குடுத்துட்டு வாடே. என்ன ஏதுன்னு கேக்காத" என்றார். நான் கேட்கவில்லை. கொண்டுபோய்க் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை மணி அடித்த கையோடு சிப்பாய்கள் வாசலில் வந்து நின்று பெயர் வாசித்தார்கள். "அலெமு தெஸ்ஃபாயே" என்றான் ஒருவன். பள்ளிக்கூடமே முழித்தது. அலெமு செத்து நான்கு வருஷம். பிறகுதான் ஒவ்வொருவராகத் திரும்பிச் சாரைப் பார்த்தார்கள். பெயரை அப்படித் திருப்பி எழுதுகிறவர் வேறு யார்?

ஐந்து பேரும் திரும்பி வரவில்லை.

திங்கட்கிழமை நாங்கள் நாட்டை விட்டுப் போக அனுமதிச் சீட்டு வந்தது. ஒரு வருஷமாகக் கேட்டும் வராத சீட்டு. மூன்று. ஒன்றில் என் பெருவிரல் ரேகை.

15 ஜனவரி, திங்கள்

பொங்கல். பானை மட்டும்தான் புதுசு. என் மகன் திருப்பூரிலிருந்து வந்து இரவே போய்விட்டான். அவனிடம் சொல்லவில்லை.

17 ஜனவரி, புதன்

ஆட்டோவில் பெருமாள்புரம் போனேன். வடிவு கூட வந்தாள். அவளை வாசலில் உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன்.

சார் சக்கர நாற்காலியில் இருந்தார். எண்பத்தைந்து வயது. கண்ணாடி, பேனா, மடியில் புத்தகம். பேச்சில் பிசிறு இல்லை.

"வாடே மாசானம். வெள்ளம் வந்துச்சாமே வீட்டுக்குள்ள?"

"வந்துச்சு சார். வடிஞ்சிட்டு."

"புஸ்தகம் கேட்டியா?"

"கேட்டேன் சார். அன்னைக்கு உங்களுக்குக் காய்ச்சல் இல்லியே."

சார் ஜன்னலைப் பார்த்தார். "இருந்துச்சுடே."

"கோழிக் குழம்பு வச்சேன் சார். ரெண்டு தடவ வாங்குனீய. எனக்குன்னு ஒரு முட்டைய ஒதுக்கி வச்சீய."

"அம்பது வருசம் ஆச்சு, குழம்பையெல்லாம் எவன் ஞாபகம் வச்சிருக்கான்?"

"நாப்பத்தாறு. நான் வச்சிருக்கேன்."

பக்கத்து அறையில் தயாளன் தம்பி யாருடனோ போனில் மைக் செட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார். சார் தாடையால் அந்தப் பக்கம் காட்டினார். "அப்ப லில்லிக்கு ஏழு மாசம். இவன் வயித்துக்குள்ள. அங்கேயே இருந்திருந்தா என்ன ஆயிருக்கும், சொல்லு? உன் சீட்டும்தானடே வந்துச்சு?"

வந்தது என்று தலையை ஆட்டினேன்.

"எழுதாம விட்டிருக்கலாம்லா சார். ஏன் என் பேர்ல எழுதுனீய?"

சார் புத்தகத்தின் அட்டையைத் தடவினார். பிறகு, பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தருகிற குரலில் மெதுவாகச் சொன்னார்.

"உனக்குப் படிக்கத் தெரியாது மாசானம். நீ குடுத்தேன்னு சொன்னா, பாவம், தெரியாமக் குடுத்துட்டான்னு எல்லாரும் விட்டுருவாங்க. உன் மேல ஒரு கறையும் ஒட்டாது. எனக்கு அந்த வசதி இல்லியேடே."

வெளியே வரும்போது பின்னாலிருந்து கூப்பிட்டார். "இருபத்தொண்ணு மறந்துராத. சால்வை வாங்கியாச்சு."

20 ஜனவரி, சனி

மோட்டார் வந்துவிட்டது. தண்ணீர் ஏறுகிறது.

தயாளன் தம்பி போன் செய்தார். விழாவில் ஒரு விசேஷம் இருக்கிறதாம். பத்தொன்பதாம் எண், தெஸ்ஃபாயேயின் தங்கை, ஜெனெபெச், கனடாவில் இருக்கிறாளாம். இன்டர்நெட்டில் தேடிப் பிடித்துவிட்டாராம். பதிவேட்டைப் பற்றிய அந்தப் பகுதியை இங்கிலீஷில் மாற்றி அனுப்பி, அவளும் படித்துவிட்டாளாம்.

"அவங்க ஸ்கிரீன்ல வர்றாங்க ஐயா. உங்ககிட்டதான் பேசணும்னாங்க. உங்களை மன்னிச்சுட்டேன்னு எல்லார் முன்னாலயும் சொல்லப் போறாங்க. ஹால்ல ஒருத்தர் கண்ணும் காயாது, பாருங்க."

மன்னித்துவிட்டாளாம்.

வடிவு, "போக வேண்டாம் மாமா, வயித்துப்போக்குன்னு சொல்லிருவோம்" என்றாள்.

நான் போகாவிட்டால் ஜெனெபெச் கடைசிவரை அதையேதான் நினைத்துக்கொண்டிருப்பாள். போனால், வாயைத் திறந்து அந்த மன்னிப்பை வாங்கிக்கொள்ள வேண்டும். இந்தத் தம்பி முன்னால் அவருடைய அப்பாவை என்னவென்று சொல்வேன்? அவர் வயிற்றில் இருந்த பிள்ளை. அந்த மாதங்களில் லில்லி அம்மாவுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்ததே நான்தான்.

வெள்ளை வேட்டியைத் துவைத்துப் போட்டேன். வெள்ளச் சேற்றின் கறை போகவில்லை.

21 ஜனவரி, ஞாயிறு

போனேன்.

இருநூறு பேர் இருப்பார்கள். பாதிப் பேர் ரிட்டையர்டு வாத்தியார்கள். சாரை முதல் வரிசைக்கு முன்னால் நாற்காலியோடு நிறுத்தியிருந்தார்கள். மூன்று பேர் பேசினார்கள். ஒருவர் அந்த மூச்சிழுக்கும் கதையைச் சொல்லி, ஆசிரியன் என்றால் இப்படிக் கவனிக்க வேண்டும் என்றார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

பிறகு திரையில் அவள் வந்தாள். தலை முழுக்க வெள்ளை. தோளில் அவர்கள் ஊர் வெள்ளைத் துணி. பின்னால் ஜன்னலில் பனி. அந்தச் சிரித்த பிள்ளையை நான் மூக்கில் அடையாளம் கண்டேன். இங்கிலீஷில் பேசினாள். தயாளன் தம்பி தமிழில் சொன்னார்: "பதிவேட்டைக் கொடுத்தவரை நாற்பத்தாறு வருடமாக மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். அவர் படிக்கத் தெரியாதவர் என்று இப்போதுதான் தெரிந்தது. அவர் அறியாமல் செய்தார். இன்று மன்னிக்கிறேன்."

ஹாலில் மூக்கை உறிஞ்சும் சத்தம். என் தோளில் சால்வையைப் போட்டு மைக்கைக் கையில் கொடுத்தார்கள். "நன்றின்னு மட்டும் சொல்லுங்க போதும்" என்று தம்பி காதில் சொன்னார்.

அந்தப் பாஷையைப் பேசி நாற்பத்தாறு வருஷம். வராது என்றுதான் நினைத்தேன். "ஜெனெபெச் அலெமு" என்று கூப்பிட்டேன், அவர்கள் சொல்கிற வரிசையில். அவள் நிமிர்ந்தாள். அதற்குப் பிறகு தானாக வந்தது.

மூன்று விஷயம் சொன்னேன். ஹாலில் ஒருவருக்கும் ஒரு எழுத்துப் புரியவில்லை. எவ்வளவு அழகாகப் பேசுகிறார் பாருங்கள் என்று யாரோ சொன்னது கேட்டது.

அவள் அசையவே இல்லை. கடைசியில் 'ஹக்' என்று மூச்சை உள்ளே இழுத்தாள். ஒரே ஒரு தடவை. ஸ்பீக்கரில் அது பெரிதாகக் கேட்டது.

"நெட்வொர்க் கட்டாகுது போல" என்றார் தம்பி.

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்தப் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியவர்களுக்கு, அது ஆமாம் என்று தெரியவில்லை.

சார் தட்டவில்லை. சாருக்கு அந்தப் பாஷையில் பத்து வார்த்தைதான் தெரியும். வகுப்பில் சொல்லிப் பழகிய வார்த்தைகள். வா, உட்கார், பேசாதே, கொடு. அந்தக் கடைசி வார்த்தையை நான் சொன்னபோது என்னைப் பார்த்தார். பிறகு மடியைப் பார்த்தார்.

22 ஜனவரி, திங்கள்

வடிவு விடவில்லை. "என்ன மாமா சொன்னீய அந்த அம்மாகிட்ட? மூணு விசயம்னீயளே."

முதலாவது: கொடுத்து அனுப்பியது சார். இரண்டாவது: அதற்காக எங்களுக்கு மூன்று சீட்டு வந்தது, ஒன்று எனக்கு.

"மூணாவது?"

பசை வாசனை உனக்குப் பிடிக்குமா தாயி என்று கேட்டேன். புரியாமல் என்னைப் பார்த்தாள். மஞ்சள் துண்டில் சுற்றியிருந்தாலும் காக்கி மூலை கைக்குச் சொரசொரப்பாகத்தான் இருக்கும் என்று சொன்னேன். எழுதிக்கொண்டே வந்தவள் பேனாவை நிறுத்திவிட்டாள்.

சால்வையைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். போட மனமில்லை.

9 பிப்ரவரி, வெள்ளி

காலையில் சார் தவறிவிட்டார். தயாளன் தம்பி போனில் அழுதார். "உங்களைப் பத்திதான் நேத்தும் பேசினாங்க ஐயா."

என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை.

11 பிப்ரவரி, ஞாயிறு

அடக்கத்துக்குப் போய் வந்தேன். பெட்டிக்குப் பக்கத்தில் அந்தப் புத்தகத்தை வைத்திருந்தார்கள். தெரியாத ஆட்கள் வந்து என் கையைப் பிடித்து, "நீங்கதானா அந்த மாசானம்? விடுங்க, தெரியாமச் செஞ்சதுதான" என்று ஆறுதல் சொன்னார்கள். ஏழெட்டுப் பேர். புத்தகம் ஆயிரம் பிரதி போட்டிருக்கிறதாம். அதில் நான் எப்போதும் தெரியாமல் கொடுத்தவன்தான். இந்த டைரி ஒன்றே ஒன்று.

இதற்கு மேல் எழுத எதுவும் இல்லை, வடிவு. இதை மட்டும் எழுதிவிட்டு மூடி வை. தயாளன் தம்பிக்குக் கொடுக்க வேண்டாம். அவர் பிறக்காத காலத்துச் சங்கதி.

மூன்று, அபெபே. ஏழு, கெதாச்சூ. பதினொன்று, தெஸ்ஃபாயே. இருபத்தாறு, மெலாகு. முப்பத்தொன்று, ஹைலு. ஐந்து பேரும் சிவப்பு மை.

இது நடந்ததை அறிந்தவர்களில், அந்த ஆபீசரை அடுத்த வருஷமே அவன் ஆட்களே சுட்டார்களாம். ஹெட்மாஸ்டர் சிறையிலேயே செத்தாராம். லில்லி அம்மா போய்ப் பத்து வருஷம். சார் முந்தாநாள். நான் இன்றைக்கோ நாளைக்கோ. என்னைக் கணக்கிலிருந்து விட்டுவிடு. நீ கேட்டு எழுதியவள், நீயும் கணக்கில் வேண்டாம். எனக்குப் பின்னால், யார் கொடுத்தது, யார் கொண்டுபோனது, கொண்டுபோனவன் கைக்கு என்ன தெரியும் என்று மூன்றையும் அறிந்து உயிரோடு இருக்கப்போவது ஒருத்திதான். பெயரை முன்னால் எழுது, அப்பா பெயரைப் பின்னால் எழுது:

ஜெனெபெச் அலெமு.